மையவிலக்கு கவர்னர்

நீராவி எந்திரத்தின் வேகத்தை ஆள் துணையின்றிச் சீராக வைத்திருக்கும் கருவி. எந்திரத்துக்கு உள்ளீடு நீராவி. வெளியீடு தண்டின் சுழற்சி. அந்தச் சுழற்சியே திரும்பி வந்து நீராவியின் அளவைத் திருத்துவதுதான் பின்னூட்டம். இந்த வட்டம் முழுவதும் வெறுங்கண்ணுக்குத் தெரியும்படி அமைந்த கருவிகள் சிலவே.

எந்திரம் சுழற்றும் செங்குத்துத் தண்டில் இரண்டு இரும்புக் குண்டுகள் தொங்கும். வேகம் கூடினால் அவை ராட்டினத் தொட்டில்கள்போல் வெளியே விரிந்து உயரும். அவற்றோடு இணைந்த நெம்புகோல் நீராவிக் குழாயின் அடைப்பை மூடும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், அடைப்பு திறக்கும்.

தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் கருவிகள் இதற்கு மிகவும் முந்தியவை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் கிடெசிபியஸ் தம் நீர்க்கடிகாரத்தில் நீர்வரத்தை மிதவையால் கட்டுப்படுத்தினார். குண்டு கவர்னரோ மாவு ஆலையிலிருந்து வந்தது. காற்றாலைகளுக்காக 1787இல் தாமஸ் மீட் இதற்குக் காப்புரிமை பெற்றார். லண்டன் ஆல்பியன் ஆலையில் இத்தகைய கருவியைக் கண்ட மேத்யூ போல்டன், 1788இல் தம் கூட்டாளி ஜேம்ஸ் வாட்டுக்கு எழுதினார். வாட் அதை நீராவி எந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றினார். பாடநூல்கள் அவரையே கண்டுபிடிப்பாளர் ஆக்கிவிட்டாலும், அவர் இதற்குக் காப்புரிமை கோரவில்லை.

கருவியில் ஒரு குறை உண்டு. சுமை ஏறினால் அடைப்பு கூடுதலாகத் திறந்தே இருக்க வேண்டும். அதற்குக் குண்டுகள் தாழ்ந்தே இருக்க வேண்டும். ஆகவே எந்திரம் பழைய வேகத்துக்குத் திரும்பாமல் சற்றுக் குறைந்த வேகத்தில் நிலைகொள்ளும்.

இதைவிடப் பெரிய தொல்லை 19ஆம் நூற்றாண்டில் தலைதூக்கியது. கடைசல் வேலை நுட்பமாகி உராய்வு குறைந்ததும், கவர்னர்கள் ஆட்டம் காணத் தொடங்கின. வேகம் எகிறும், அடைப்பு அளவுக்கு மீறி மூடும், வேகம் விழும், மறுபடி எகிறும். திருத்தம் தாமதமாகவும் வலுவாகவும் வந்தால் பிழை தணியாமல் வளர்கிறது. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1868இல் கவர்னர்களைப் பற்றிய கட்டுரையில், ஆட்டம் எப்போது அடங்கும், எப்போது பெருகும் என்பதைச் சமன்பாடுகளால் ஆராய்ந்தார். 1876இல் ரஷ்யாவின் வைஷ்னெகிராட்ஸ்கி, உராய்வு இல்லாமல் இத்தகைய கவர்னர் நிலைகொள்ளாது என்று காட்டினார். பழைய எந்திரங்களைக் காத்தது அவற்றின் முரட்டு வேலைப்பாடுதான்! இத்தகைய சமன்பாடு எத்தனை படியுடையதானாலும் பொருந்தும் பொது விதியை 1877இல் எட்வர்ட் ரூத் தந்தார்.

பின்னர் இந்தச் சிந்தனை மின்னணுவியலுக்குத் தாவியது. 1927இல் ஹரால்டு பிளாக், தொலைபேசிப் பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே எதிராகத் திருப்பி ஒலிச் சிதைவைக் குறைத்தார்.

வாட்டின் கருவியில் குறையாக இருந்த வேகச்சரிவை மின்நிலையங்கள் இன்று வேண்டுமென்றே வைத்துக்கொள்கின்றன. ஒரே மின்தொகுப்பில் ஓடும் பல டர்பைன்கள், சுழலும் வேகத்தோடு மின்சாரத்தின் அதிர்வெண்ணும் சற்று இறங்கும்போது, அந்தச் சரிவைக் கொண்டே கூடுதல் சுமையைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன.