உறுதியில் எழுதப்பட்ட மனிதர்



பெரியபுராணத்திலே தடுத்தாட்கொண்ட புராணம் படிப்பித்துக்கொண்டிருந்த நாளொன்று. சுந்தரரின் மணப்பந்தலுக்குள் முதிய வேதியர் ஒருவர் வருகிறார். மணமகன் தம் அடிமை என்கிறார். மணமகனின் பாட்டன் தன்னையும் தன் வழிவருவோரையும் எழுதிக்கொடுத்த ஆளோலை தம்மிடம் இருப்பதாகச் சொல்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. ஓலையிலுள்ளது பாட்டனாரின் கையெழுத்தே என்று கண்டு, சபையோர் வேதியர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

பின் வாங்கிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "சேர், மனிசரை ஓலையில எழுதிறது உண்மையா நடந்ததா, இல்லாட்டிக் கதைக்குத்தானா?"

சுந்தரர் வியந்தது ஓலையைக் கண்டல்ல. அந்தணர் இன்னொரு அந்தணருக்கு அடிமையாவது உண்டோ என்றுதான். மற்றவர் அடிமையாவதில் அந்தச் சபைக்கு வியப்பேதும் இல்லை. சோழர் காலத்தில் ஆட்கள் கோயில்களுக்கு விற்கப்பட்டதைக் கல்வெட்டுகளும் சொல்கின்றன. சோழநாட்டைக் காட்டி அந்தப் பிள்ளைக்கு விடை சொல்லித் தப்பியிருப்பேன். ஆனால் நான் வேலணையில் பிறந்தவன். விடை எங்கள் வீட்டுப் பெட்டகத்துக்குள்ளேயே கிடந்தது.

ஒல்லாந்தர் எங்கள் தீவுக்கு லைடன் என்று தங்கள் ஊர்ப் பெயரை இட்டார்கள். அவர்கள் ஆட்சியில், 1694 முதல் 1696 வரையான இரண்டே ஆண்டுகளில், எதிர்க்கரையிலிருந்து 3,500க்கும் மேற்பட்ட அடிமைகள் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டதாக அவர்களின் ஆவணம் கூறுகிறது. தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் மூண்ட காலம் அது. வயிறு காய்ந்தவர் விலைப்பட்டார். வாங்கியவரும் விலைப்பட்டவரும் பேசியது ஒரே தமிழ்.

ஆள்பதி சீமோன்சின் கட்டளைப்படி திசாவை கிளாஸ் ஈசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழமைகளைத் தொகுத்து 1707இல் முடித்தார். அதுவே தேசவழமை. முதலிமார் பன்னிருவர் பார்வையிட்டுச் சரியென்று ஒப்பிய அந்தத் தொகுப்பில், சீதனம், முதுசம், ஒற்றி, ஈடு என்பவற்றோடு அடிமைகளுக்கும் ஒரு பகுதி உண்டு. தாய் யாருக்கு உரியவளோ, பிள்ளைகளும் அவருக்கே உரியவர்கள். மகளைக் கட்டிக்கொடுக்கையில் நிலம், பனை, நகை ஆகியவற்றோடு ஆட்களையும் சீதனமாக எழுதலாம். தேசவழமையின் சொத்துச் சட்டம் இன்றும் நடைமுறையிலுள்ளது. அடிமைப் பகுதி வழக்கிழந்தது.

அது வழக்கிழந்த விதமும் அறியத்தக்கது. பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டனின் தூண்டுதலால், 1816 ஓகஸ்ட் 12ஆந் திகதிக்குப் பின் தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று உடைமையாளர் பலர் ஒப்பினார்கள். அது இங்கிலாந்து இளவரசரின் பிறந்தநாள். 1818இல் அடிமைகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. 1821இல் கோவியர், நளவர், பள்ளர் ஆகியோரின் பெண்குழந்தைகளைப் பிறந்தவுடனேயே அரசாங்கம் பணங்கொடுத்து மீட்கும் சட்டம் வந்தது. அடிமைத்தனம் தாய்வழியே இறங்கியதால், பெண்ணை மீட்டால் வழி அறும் என்பது கணக்கு. 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியபோது இலங்கைக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டது. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இங்கே அடிமைமுறையை முற்றாக ஒழித்தது.

நேயர்களே, இந்தச் சட்டங்கள் கொடுக்காத ஒன்று இருக்கிறது. நிலம். அடிமையாயிருந்த நாளில் அந்த மனிதர் நிலத்தோடு நிலமாக உறுதியிலே எழுதப்பட்டிருந்தார். விடுதலையானதும் அந்த வரி நீங்கியது. ஆனால் அவர் பெயரில் வேறோர் உறுதி எழுதப்படவில்லை. நேற்று உடைமையாயிருந்த அதே வளவின் மூலையில், உடையவரின் தயவில், கொட்டிலைப் போட்டுக்கொண்டு இருந்தார். தயவில் இருப்பவனால் கூலி பேச முடியாது. நன்னீர் அரிதான தீவிலே கிணற்றுக்கட்டில் ஏறவும் முடியாது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வர 1957 ஆயிற்று. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட வேண்டியிருந்தது. கே. டானியல் தம் நாவல்களில் ஒன்றுக்கு 'அடிமைகள்' என்றும் இன்னொன்றுக்குத் 'தண்ணீர்' என்றும் பெயரிட்டது சும்மா அல்ல.

1991இல் தீவுப்பகுதியை விட்டு நாங்கள் ஓடியபோது எனக்குப் பத்து வயது. அம்மா முதலில் எடுத்தது காணி உறுதிக் கட்டை. நகைகூட அதற்குப் பிறகுதான். எங்கள் பனங்காணி மூலையில் இருந்த குடும்பமும் எங்களோடு வெளிக்கிட்டது. அவர்கள் எடுத்தது ஒரு பாயும் ஒரு பானையும். எடுக்க அவர்களிடம் உறுதி இல்லை. ஒரே செல்லுக்குப் பயந்து ஒரே வழியால் ஓடினோம். எல்லாரும் தமிழர், எல்லாரும் அகதி என்று நினைத்தோம்.

வேற்றுமை திரும்பி வரும்போது தெரிந்தது. உறுதி உள்ளவர் தம் வளவுக்கு வந்தார். இல்லாதவர் எந்த வளவுக்கு வருவார்? யாழ்ப்பாணத்து நலன்புரி முகாம்களில் கால் நூற்றாண்டு கடந்தும் தங்கியிருந்தவர்களில் பலர், அடிமைப் பட்டியலில் அன்று எழுதப்பட்ட அதே சமூகங்களைச் சேர்ந்த காணியற்றவர்கள்.

2009இல் போர் முடிந்து சில ஆண்டுகளின் பின், அந்தக் குடும்பத்துப் பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. வீட்டுத் திட்டத்துக்குக் காணி உறுதி கேட்கிறார்களாம். "தம்பி, இருந்த இடத்தை எங்கட பேரில எழுதித் தந்தா ஒரு வீடு வந்திடும்" என்றார். என்னைவிட முப்பது வயது மூத்தவர். நான் தலையாட்டினேன். மாமா மறுத்தார். "முதுசத்தைத் துண்டு போடக்கூடாது" என்றார். நான் அவரோடு வாதாடவில்லை. கல்லூரியில் சமத்துவம் பற்றிப் பேசுகிற நான், வீட்டு விறாந்தையில் வாய்திறக்கவில்லை.

கதையைக் கேட்டு உள்ளே இருந்த அம்மா எழுந்து வந்தது இரண்டு ஆண்டுகள் கழித்து. அது அவவின் சீதனக் காணி; அப்பாவும் காலமாகிவிட்டார். "என்ர காணி, நான் எழுதிறன்" என்றா. நொத்தாரிசுவிடம் போய் மூன்று பரப்பு எழுதினோம். பெரியவர் அதற்கு முன்பே முகாமிலேயே இறந்துவிட்டார். உறுதி மகளின் பெயரில் முடிந்தது.

அன்று பழைய சீதன உறுதிகளைத் தேடியபோது, எல்லாவற்றுக்கும் அடியில் பூச்சியரித்த ஓலை நறுக்கொன்று கிடந்தது. நிலம், பனை, கிணற்றுப் பங்கு என்று போய், அதன் பின் இரண்டு பெயர்கள். ஊர்ப்பெயரோ தகப்பன் பெயரோ இல்லாத வெறும் பெயர்கள்.

மறுநாள் அதே வகுப்பு. அந்த மாணவி பள்ளியை விட்டுப் போய் வெகுகாலமாகிவிட்டது. அவளுக்கு நான் அன்று சொன்ன விடை, சோழர் காலத்தில் நடந்தது என்பதே. இன்று இந்த ஒலிபரப்பு அவள் காதில் விழுமானால், திருத்திச் சொல்கிறேன்: உண்மையாக நடந்தது, பிள்ளை. எங்கள் வீட்டிலேயே.