அமர்ந்தபடி தரையிறங்கினால்: பாராகிளைடிங்கும் முதுகெலும்புக் காயங்களும்

பிரிட்டிஷ் சாகசக்காரரும் தொலைக்காட்சிப் பிரபலமுமான பேர் கிரில்ஸ், இராணுவத்தில் பணியாற்றிய காலத்தில், 1996ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் விமானத்திலிருந்து குதித்தபோது அவரது பாராசூட் சரிவர விரியவில்லை. முதுகு தரையில் மோத விழுந்த அவருக்கு மூன்று முள்ளெலும்புகள் முறிந்தன. 1998 மே மாதத்தில் அவர் எவரெஸ்ட் சிகரத்தை எட்டினார். பெரிதும் பேசப்படுவது இந்தக் கதையின் பின்பாதிதான். எலும்பு முறிந்தும் அதனுள்ளே செல்லும் தண்டுவடம் தப்பியதாலேயே அந்தப் பின்பாதி சாத்தியமாயிற்று என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

வான் விளையாட்டுகளில் எந்த உறுப்பு அடிபடும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, தரையைத் தொடும்போது உடல் இருக்கும் நிலையாகும். பாராசூட் வீரர் நின்ற நிலையில் இறங்குகிறார். அடி முதலில் கணுக்காலுக்கும் காலுக்கும் போகிறது. ஹேங் கிளைடரில் பறப்பவர் குப்புறப் படுத்த நிலையில் செல்வதால் கைகளும் தோளும் தலையும் கழுத்தும் ஆபத்துக்குள்ளாகின்றன. பாராகிளைடரில் பறப்பவரோ நாற்காலி போன்ற இருக்கையில் அமர்ந்திருக்கிறார். தரை வேகமாக நெருங்கும்போது கால்களை மடக்கித் தூக்கிக்கொள்வது மனித இயல்பு. அவ்வாறு செய்தால் தாக்கம் முழுவதும் இடுப்பெலும்பு வழியாக நேராக முதுகெலும்பில் ஏறுகிறது.

பாராகிளைடிங் பாராசூட் வீரர்களிடமிருந்தே பிறந்தது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. 1978இல் பிரான்சின் மியூசி என்ற ஆல்ப்ஸ் மலைக் கிராமத்தில் சில பாராசூட் வீரர்கள், விமானச் செலவை மிச்சப்படுத்த, மலைச்சரிவிலிருந்து ஓடிப் பறந்தனர். பின்னாளில் மணிக்கணக்கில் பறக்க முடிந்தபோது இருக்கையும் வசதியாக வேண்டியிருந்தது. வசதி வந்தது; கால்கள் ஏற்க வேண்டிய சுமை முதுகுக்கு மாறியது.

பெரும்பாலும் முறிவது, மார்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்பும் இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பும் சேரும் இடமாகும். மேலே விலா எலும்புகள் தாங்கிப் பிடிக்கின்றன. கீழே முதுகு எளிதில் வளைகிறது. விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கும் அந்த இடத்தில் அழுத்தம் குவிகிறது. முள்ளெலும்பு வெடித்துச் சிதறும்போது அதன் துண்டு பின்னால் தள்ளப்பட்டுத் தண்டுவடத்தை நசுக்கினால், கால்களின் இயக்கத்தோடு சிறுநீர், மலக் கட்டுப்பாடும் பறிபோகலாம்.

இதைத் தடுக்கவே இருக்கையின் அடியில் நுரைமெத்தையோ காற்றுப்பையோ பொருத்தப்படுகிறது. ஜெர்மனியின் தர விதிப்படி, 1.65 மீட்டர் உயரத்திலிருந்து போடப்படும் சோதனையில் தாக்கம் நிர்ணயிக்கப்பட்ட வரம்பைத் தாண்டக்கூடாது. ஆனால் 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறார். 1.65 மீட்டருக்குச் சோதிக்கப்பட்ட மெத்தையை நம்பி அந்த உயரத்தில் துணிச்சல் காட்டுவது, என் பார்வையில், தவறான கணக்கு. தவிர, பறக்கும்போது புகும் காற்றால் நிரம்பும் வகைப் பைகள், புறப்படும் நொடியில் போதிய அளவு நிரம்பியிருப்பதில்லை.

சுவிட்சர்லாந்தில் வாழும் தமிழர்கள், ஊரிலிருந்து வரும் உறவினரை இன்டர்லாக்கனுக்கு அழைத்துச் செல்வதும், அங்கு விமானியுடன் இருவராகப் பறக்கும் சவாரியில் அவர்களை ஏற்றிவிடுவதும் உண்டு. அந்தச் சவாரியில் பயணிக்கு இரண்டே கடமைகள்: புறப்படும்போது நிற்காமல் ஓடுவது, இறங்கும்போது சொன்னவுடன் கால்களை ஊன்ற ஆயத்தமாவது. சில விமானிகள் கால்களை நீட்டித் தூக்கும்படி கேட்பதும் உண்டு. எது என்பதை முன்கூட்டியே தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜெர்மனோ ஆங்கிலமோ அறியாத பெற்றோருக்கு இதைத் தரையிலேயே தமிழில் விளக்கிவிடுவது வீட்டாரின் பொறுப்பு.

விழுந்தவர் எழுந்து நடந்துவிட்டால் ஆபத்தில்லை என்று கருதுவதும் பிழையானது. முள்ளெலும்பு ஆப்பு வடிவில் நசுங்கிய நிலையிலும் சிலர் நடக்கிறார்கள். முதுகு நடுவில் வலியோ, காலில் மரத்துப்போன உணர்வோ இருந்தால் அவரைத் தூக்கி உட்கார வைக்காமல், தலைக்கவசத்தை அவசரப்பட்டுக் கழற்றாமல், கிடந்த நிலையிலேயே அசையாமல் வைத்து மீட்புக் குழுவை அழைக்க வேண்டும்.