பாடகர் பாடும் இடைவெளியில்: பாரிஸ் ஆர்கன் மரபில் ஸ்டாப் தேர்வு, 1600–1862

பிரான்சுவா கூப்பெரன் 1690-இல் வெளியிட்ட ஆர்கன் தொகுப்பில் இரண்டு திருப்பலிகளுக்கான இசை உண்டு. ஒவ்வொன்றுக்கும் 21 துண்டுகள், ஆக மொத்தம் 42. தலைப்புகளைப் படித்தால் முதலில் வியப்பாகத்தான் இருக்கும். ‘குரோமோர்னில் தனியிசை’, ‘தியர்ஸ் ஸ்டாப்புகளில் இருகுரல்’, ‘மனிதக்குரல் ஸ்டாப்பில் உரையாடல்’, ‘கிரான் ஜூவில் உரையாடல்’ என்று போகிறது பட்டியல். எந்த ஸ்டாப்புகளை, அதாவது குழாய்வரிசைகளை, திறந்துகொண்டு உட்கார வேண்டும் என்ற கட்டளையே தலைப்பாக நிற்கிறது. அப்போது கூப்பெரனுக்கு 22 வயதுகூட நிறைந்திருக்கவில்லை. ஆனால் இந்தப் பெயர்களில் எதுவும் அவர் உண்டாக்கியதல்ல. அவருக்கு முன் நூல் வெளியிட்ட பாரிஸ் ஆர்கனிஸ்டுகள் நிவேர், லெபெக், ரெய்ஸோன் ஆகியோரின் நூல்களிலும் இவையேதான் இருக்கின்றன.

ஸ்டாப் தேர்வு வாசிப்பவரின் ரசனையைப் பொறுத்தது என்பது இன்றைய எண்ணம். பதினேழாம் நூற்றாண்டுப் பாரிஸில் அது ஏறக்குறைய ஒரு வழக்காறாகவே இருந்தது. அந்த வழக்காற்றை உருவாக்கியது வழிபாட்டின் அமைப்பு என்பதும், அந்த அமைப்பு தளர்ந்த பிறகே வாசிப்பவரின் விருப்பத்துக்கு இடம் கிடைத்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மாறி மாறிப் பாடும் முறை

ஆர்கனும் பாடகர் குழுவும் ஒரே பாடலைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் பழையது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இத்தாலிய ஃபயென்சா சுவடியிலேயே அதற்குச் சான்று உண்டு. பாரிஸ் அச்சகத்தார் அத்தெஞ்ஞான் 1531-இல் இவ்வகை ஆர்கன் திருப்பலிகள் இரண்டை அச்சிட்டார். ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்னும் கீரியே மன்றாட்டில் ஒன்பது அடிகள். முதலாவது ஆர்கனுக்கு, இரண்டாவது பாடகருக்கு, மூன்றாவது மறுபடி ஆர்கனுக்கு என்று போனால் ஆர்கன் பங்கில் ஐந்தும் பாடகர் பங்கில் நான்கும் விழும். கூப்பெரனின் கீரியேயில் ஐந்தே துண்டுகள் இருப்பதற்குக் காரணம் இதுதான். அடுத்து வரும் குளோரியா என்னும் புகழ்ப்பாடலின் முதல் வரியைக் குருவானவரே தொடங்கிவிடுவார். அதனால் ஆர்கனின் பங்கு அடுத்த வரியிலிருந்து ஆரம்பிக்கும்.

ஆர்கன் வாசிக்கும் அடிகளின் சொற்கள் யார் வாயிலும் வராமல் போய்விடுமே என்ற கவலை திருச்சபைக்கு இருந்தது. திருத்தந்தை எட்டாம் கிளமெந்து 1600-இல் வெளியிட்ட ஆயர்களுக்கான சடங்கு நூல், அந்த அடிகளைப் பாடகர் குழுவில் ஒருவர் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது. திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும், சில ஞாயிறுகள் நீங்கலாக, ஆர்கன் மௌனமாக இருக்க வேண்டும் என்றது. அப்பத்தை உயர்த்திக் காட்டும் வேளையில் இன்னும் கனமாகவும் இனிமையாகவும் வாசிக்க வேண்டும் என்றும் கூறியது. ஸ்டாப் பெயர் எதையும் அது சொல்லவில்லை. ஆனால் ‘கனமாகவும் இனிமையாகவும்’ என்று கேட்டால், எக்காள ஸ்டாப்புகளை யாரும் இழுக்க மாட்டார்கள்.

பாரிஸ் மறைமாவட்டம் இதற்கு ஒரு படி மேலே போயிற்று. மார்ட்டென் சொன்னே தொகுத்து 1662-இல் வெளிவந்த பாரிஸ் சடங்கு நூல், கீரியேயின் முதல் அடியிலும் கடைசி அடியிலும், குளோரியாவில் ஆர்கன் தொடங்கும் இடத்திலும், முதல் ‘தூயவர்’ அடியிலும், ‘இறைவனின் செம்மறி’யிலும் கிரகோரியன் மெட்டு கேட்பவர் காதில் தெளிவாக விழ வேண்டும் என்று வரையறுத்தது. விசுவாச அறிக்கையை முழுக்கப் பாடகரிடமே விட்டுவிட்டது. மற்ற இடங்களில் வாசிப்பவர் தன் கற்பனையை ஓடவிடலாம்.

மூன்றே ஆண்டுகளில், 1665-இல், சேன் சுல்பீஸ் ஆலயத்தின் ஆர்கனிஸ்ட் கியோம் காப்ரியேல் நிவேர் நூறு துண்டுகள் கொண்ட நூலை வெளியிட்டார். அதன் முன்னுரையிலேயே ஸ்டாப்புகளைக் கலக்கும் முறை விளக்கப்பட்டிருக்கிறது. விதி முதலில் வந்தது, வழக்கம் பின்னால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஸ்டாப் கலவைகளின் பட்டியல் 1636-இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் எழுதிய இசை நூலிலேயே இருக்கிறது. ஆனால் ‘இந்த அடிக்கு மெட்டு கேட்க வேண்டும், அந்த அடிக்கு வேண்டாம்’ என்ற பிரிவினை, ஏற்கெனவே இருந்த ஒலிகளுக்கு வழிபாட்டில் நிலையான இடங்களைக் கொடுத்தது. ரூவான் பேராலய ஆர்கனிஸ்ட் டீதலூஸின் 1623-ஆம் ஆண்டு நூலோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். அதில் ஒவ்வொரு துண்டும் மெட்டைச் சுற்றிப் பின்னிய பல்குரல் இசை. தலைப்பில் ஸ்டாப் பெயரே கிடையாது.

இரண்டு பெருங்கலவைகள்

மெட்டைக் கேட்கச் செய்யும் வேலை ‘பிளேன் ஜூ’ என்னும் கலவைக்கு உரியது. ஆர்கனின் முகப்பில் நிற்கும் 8 அடிக் குழாய்கள், அவற்றுக்கு மேல் 4 அடி, 2 அடி வரிசைகள், அவற்றின் உச்சியில் ஃபூர்னித்யூர், சிம்பால் என்ற கலப்பு வரிசைகள். இந்தக் கலப்பு வரிசைகளில் ஒரு விசையை அழுத்தினால் பல சிறு குழாய்கள் சேர்ந்து ஒலிக்கும். கைகள் இதில் ஓட, காலடியில் இருக்கும் பெடலில் எக்காள ஸ்டாப் கிரகோரியன் மெட்டை நீண்ட நீண்ட சுரங்களாகப் பிடிக்கும். கூப்பெரனின் பங்கு ஆலயத் திருப்பலியின் முதல் கீரியே அப்படித்தான். மற்ற இழைகளின் நடுவே, ஆண்குரலின் உயரத்தில், மெட்டு வந்து நிற்கும். துறவியர் மடங்களுக்கான இரண்டாவது திருப்பலியில் அந்த மெட்டு இல்லை. மடத்துக்கு மடம் பாட்டு வேறுபட்டதால் எல்லோருக்கும் பொதுவான மெட்டைப் பதிக்க முடியவில்லை என்பது பொதுவான விளக்கம். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

இன்னொரு பெருங்கலவை ‘கிரான் ஜூ’. துரோம்பெத், கிளெரோன், குரோமோர்ன் ஆகிய நாக்குக் குழாய்களின் ஆரவாரம் அது. பிரெஞ்சு நாக்குக் குழாய்கள் கீழ்ஸ்தாயியில் முழங்கும். மேலே போகப் போகச் சன்னமாகும். அந்தக் குறையை ஈடுகட்ட நடு ‘ச’விலிருந்து மேலே மட்டும் ஒலிக்கும் கோர்னே ஸ்டாப்பைச் சேர்த்தார்கள். பிளேன் ஜூவின் கலப்பு வரிசைகளை இதில் சேர்க்கக் கூடாது. நாக்குக் குழாய்களைப் பிளேன் ஜூவின் கை விசைப்பலகைகளில் சேர்க்கக் கூடாது. நூற்றாண்டுக்கும் மேலாக இந்த வரம்பு நின்றது. இதற்குள்ளும் மாற்றம் இல்லாமல் இல்லை. நிவேர் காலத்தில் தியர்ஸ் முதலிய வரிசைகளும் கிரான் ஜூவில் உண்டு. அடுத்த நூற்றாண்டில் பெனெடிக்டின் துறவி தோம் பெதோஸ் எழுதும்போது துரோம்பெத்துகளும் கிளெரோன்களும் கோர்னேயும் 4 அடி பிரெஸ்தானும் இருந்தால் போதும் என்ற நிலை. நாக்குக் குழாய்களின் எண்ணிக்கையும் வலுவும் கூடியதால் துணைகள் தேவைப்படவில்லை.

கிரான் ஜூவின் அரசாட்சி காணிக்கை வேளையில்தான். குரு பீடத்தில் செய்யும் சடங்குகள் நீளும்போது ஆர்கனுக்கும் நீண்ட நேரம் கிடைத்தது. திருப்பலி முழுவதிலும் மிக நீளமான துண்டு அதுவே. கூப்பெரனின் பங்கு ஆலயக் காணிக்கை இசை கம்பீரமாகத் தொடங்கி, நடுவே சோகமான பகுதிக்குள் இறங்கி, ஜீக் என்னும் துள்ளல் நடனத்தின் தாளத்தில் முடிகிறது. கோயிலுக்குள் நடனமா என்று கேட்கத் தோன்றும். ரெய்ஸோன் 1688-இல் தன் நூலின் முன்னுரையில் இதை மறைக்கவே இல்லை. துண்டு எந்த நடனத்தை ஒத்திருக்கிறது என்று பார்த்து ஹார்ப்சிகார்டில் வாசிப்பது போலவே வாசியுங்கள், இடத்தின் புனிதம் கருதிக் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள் என்கிறார். அந்த நூலின் ‘கிறிஸ்துவே’ துண்டு ஒன்றின் கருப்பொருளைத்தான் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தன் பசக்காலியாவுக்கு எடுத்துக்கொண்டார். ரெய்ம்ஸ் நகர ஆர்கனிஸ்ட் கிரிஞ்ஞியின் 1699-ஆம் ஆண்டு நூலையும் பாக் கைப்பட நகலெடுத்து வைத்திருந்தார்.

காந்தாரம் சேரும்போது

பாரிஸ்காரர்கள் தங்களுக்கே உரியதாகக் கொண்டாடியது தியர்ஸ் கலவை. 8 அடி பூர்தோனை ‘ச’ என்று வைத்துக்கொள்வோம். 4 அடி வரிசை மேல்ஸ்தாயி ‘ச’. 2⅔ அடி நசார் அதற்கு மேல் உள்ள பஞ்சமம். 2 அடி வரிசை அதற்கும் மேல் ‘ச’. 1⅗ அடித் தியர்ஸ் அந்தச் ‘ச’வுக்கு மேல் உள்ள அந்தர காந்தாரம். நல்ல சுருதி கூடிய தம்பூராவில் யாரும் மீட்டாத காந்தாரம் தானாக எழுவதைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: அங்கே தந்தியில் இயல்பாக எழுவதை, இங்கே தனித்தனிக் குழாய்களால் கட்டி எழுப்புகிறார்கள். ஐந்து குழாய்கள் ஒலித்தாலும் காதுக்கு ஒரே குரல், கொஞ்சம் நாசியில் பேசுவது போன்ற கூர்மையுடன்.

இந்தக் கலவையை இடது கையால், ஆண்குரல் உயரத்தில், பாடுவது போல வாசிப்பதே ‘தியர்ஸ் ஆன் தாய்’. வலது கை வேறொரு விசைப்பலகையில் மெல்லிய ஸ்டாப்புகளில் மேலிழைகளைப் பிடிக்க, கால்கள் பெடலின் 8 அடிப் புல்லாங்குழல் வரிசையில் அடிநாதத்தைத் தரும். கை, கால் எல்லாமே ஈடுபட வேண்டிய வேலை. கூப்பெரனின் மடங்களுக்கான திருப்பலியில் அப்பத்தை உயர்த்தும் வேளைக்கு உரிய துண்டு இதுதான். 1600-இன் விதி கேட்ட ‘கனமும் இனிமையும்’ இங்கே ஒலியாகியிருக்கிறது. லெபெக் 1676-இல் நூல் வெளியிட்டபோது, பாரிஸில் இப்போது எப்படி வாசிக்கிறார்கள் என்பதை மற்றவர்களுக்கும் தெரிவிப்பதே தன் நோக்கம் என்று எழுதினார். தலைநகரத்தின் பெருமிதம் அதில் தெரிகிறது. ஆனால் அந்த அச்சு நூல்கள்தான் பாரிஸ் வழக்கத்தை வெளியூர்களுக்குக் கொண்டுபோயின.

ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்காத ஒரு நடைமுறைக் காரணமும் இதில் உண்டு என்று கருதுகிறேன். ஸ்டாப் குமிழை இழுத்தால் ஒரு குழாய்வரிசை முழுவதற்கும் அடியில் இருக்கும் மரப்பட்டை நகர வேண்டும். விரல் நுனியால் தட்டிவிடும் காரியமல்ல. தியர்ஸ் கலவையிலிருந்து மனிதக்குரலுக்குப் போவதென்றால் பல குமிழ்களைத் தள்ளி, வேறு சிலவற்றை இழுத்து, நடுக்கமூட்டும் கருவியையும் திறக்க வேண்டும். துண்டின் நடுவில் இதைச் செய்யும்படி இவர்கள் எழுதவில்லை. நடுவில் நிறம் மாற வேண்டுமென்றால் கையை வேறு விசைப்பலகைக்குக் கொண்டுபோனார்கள். ‘உரையாடல்’ என்ற வகையே அப்படிப் பிறந்ததுதான். முழுக் கலவையும் மாறியது பாடகர் தம் அடியைப் பாடும்போது. ஒன்பது குளோரியாத் துண்டுகளுக்கு ஒன்பது வெவ்வேறு நிறங்களைக் கூப்பெரனால் நினைக்க முடிந்ததற்கு, ஒவ்வொன்றுக்கும் இடையே பாட்டு இருந்ததும் ஒரு காரணம்.

கூட்டம் சேர்ந்த காலம்

பதினெட்டாம் நூற்றாண்டில் விதிகள் ஏட்டில்தான் இருந்தன. 1770-இல் பாரிஸுக்கு வந்த ஆங்கிலேய இசை வரலாற்றாளர் சார்லஸ் பர்னி, சேன் ரோக் ஆலயத்தில் ஆர்கனிஸ்ட் குளோத் பல்பாத்ர் வாசித்ததைக் கேட்டார். மரியாளின் புகழ்ப்பாடலின் அடிகளுக்கு இடையே மினுவே, ஃபியூக், வேட்டை இசை, ஜீக் என எல்லாம் வந்ததாகவும், வழிபட வந்தவர்கள் முகம் சுளிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நள்ளிரவுத் திருப்பலியில் பல்பாத்ர் வாசித்த கிறிஸ்துமஸ் மெட்டுகளைக் கேட்கக் கூட்டம் முண்டியடித்ததால், பேராயர் 1762-இல் சேன் ரோக்கில் அவர் அவ்வேளையில் வாசிக்கத் தடை விதித்தார்.

இதே ஆண்டுகளில்தான் தோம் பெதோஸின் ‘ஆர்கன் கட்டுபவரின் கலை’ (1766–1778) வெளிவந்தது. அதன் ஸ்டாப் கலவைப் பட்டியலைப் பாரிஸின் பேர்பெற்ற ஆர்கனிஸ்டுகள் பார்த்துச் சரிசெய்து ஒப்புதல் தந்ததாக அவரே குறிப்பிடுகிறார். அவர்களில் பல்பாத்ரும் ஒருவர். வழக்காறு நன்றாக எழுதப்பட்டது அது தளரத் தொடங்கியபோதுதான். ஆர்கன் கட்டுநர் ஃபிரான்சுவா ஹென்றி கிளிக்கோ 1781-இல் சேன் சுல்பீஸில் ஐந்து விசைப்பலகைகளோடு முடித்த பேரார்கனும், அவர் தொடங்கி, 1790-இல் அவர் இறந்த பின் அவர் மகன் 1791-இல் முடித்த புவாத்தியே பேராலய ஆர்கனும் அம்மரபின் உச்சம். புவாத்தியே ஆர்கனில் இரு பெருங்கலவைகளையும் இன்றும் தனித்தனியே கேட்கலாம்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மடங்கள் மூடப்பட்டன. பல ஆர்கன்கள் ஏலம் போயின. குழாய்கள் உலோகத்துக்காக உருக்கப்பட்டன. மீண்டும் ஆலயங்கள் திறந்த பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாடகருக்குத் துணையாகப் பலிபீடத்துக்கு அருகிலேயே சிறு ஆர்கன் ஒன்றை வைக்கும் வழக்கம் பரவிற்று. மேற்கு மாடத்துப் பேரார்கன் தனியாக நின்று நீண்ட துண்டுகளை வாசிக்கும் கருவியாக மாறியது.

ஆர்கன் கட்டுநர் அரிஸ்தீட் கவாயே-கோல் 1862-இல் சேன் சுல்பீஸ் ஆர்கனை 100 ஸ்டாப்புகள் கொண்டதாகத் திருத்திக் கட்டியபோது, கிளிக்கோவின் குழாய்கள் பலவற்றை விட்டுவைத்தார். மாறியது காற்றுப் பெட்டி. நாக்குக் குழாய்களையும் கலப்பு வரிசைகளையும் ஒரே பெட்டியில் வைத்து, அதற்குள் காற்று போகும் வழியைக் காலால் திறந்து மூடும்படி செய்தார். குமிழ்களை முன்கூட்டியே இழுத்து வைத்துவிட்டால் போதும். துண்டின் நடுவிலேயே, கை விசையை விட்டு எடுக்காமல், ஒரு மிதியில் அவை எல்லாம் சேர்ந்து முழங்கும். பாடகரின் அடிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஃபூர்னித்யூரும் துரோம்பெத்தும் சேரக் கூடாது என்ற பழைய வரம்பை எந்தச் சடங்கு நூலும் நீக்கவில்லை. ஒரே மிதிக்குக் கீழே இரண்டும் வந்து சேர்ந்ததும் அது வழக்கொழிந்தது. 1868-இல் அச்சான, பாரிஸ் ஆர்கனிஸ்ட் செசார் ஃபிராங்கின் ஆறு துண்டுகளில் ஸ்டாப் குறிப்புகள் தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் நிற்கின்றன, அதுவும் துண்டின் நடுவில் பல முறை மாறும்படி.