குதாதாத் கானும் விக்ரோறியாச் சிலுவையும்

பிரித்தானியப் பேரரசின் மிகவுயர்ந்த வீர விருதாகிய விக்ரோறியாச் சிலுவை 1856ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஆயினும், அப்பேரரசுக்காகக் களங்கண்ட இந்தியச் சிப்பாய்கள் 55 ஆண்டுகளாக அதனைப் பெறும் உரிமையற்றோராயிருந்தனர். அவர்க்கென வேறு பதக்கமே வழங்கப்பட்டது. 1911இல் நிகழ்ந்த டெல்லி தர்பாரின்போதே அத்தடை நீங்கிற்று.

அவ்வுரிமையால் முதன்முதற் சிறப்பெய்திய இந்தியச் சிப்பாய் குதாதாத் கான் ஆவார். பஞ்சாப்பின் சக்வால் பகுதியிற் பிறந்த இவர், 129ஆம் பலூச்சிப் படையணியிற் பணியாற்றினார். 1914ஆம் ஆண்டு ஒற்றோபர் 31ஆம் நாள், பெல்ஜியத்தின் ஹொலபெக் என்னுமிடத்தில் ஜேர்மானியர் பெரும்படையுடன் தாக்கினர். அப்படையணியின் இயந்திரத் துப்பாக்கிகள் இரண்டனுள் ஒன்று எறிகணையால் அழிந்தது, பொறுப்பதிகாரியும் காயமுற்றார். குதாதாத் கான், தாமும் காயமுற்றிருந்தும், உடனிருந்த ஐவரும் மாண்டொழியும் வரை எஞ்சிய துப்பாக்கியை இயக்கினார். இறந்தாரெனப் பகைவர் கருதி விட்டகல, இரவில் ஊர்ந்து சென்று தம் படையினரை அடைந்தார். அவர்கள் தடுத்து நின்ற அவகாசத்தில் துணைப்படைகள் வந்து சேர்ந்தன.

1915 சனவரியில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் விருதினை அவருக்கு அணிவித்தார். 1971இல் அவர் காலமானார்.

இவ்விருதினை ஆராய்வோர் இரண்டினை மறத்தலாகாது. விருதுரையிலேயே இடம்பெற்ற அவ்வைவர், வீரம் தனியொருவர் உடைமையன்று என்பதற்குச் சான்றாவர். மேலும், 1911இற் புதிதாகத் தோன்றியது சிப்பாய்களின் வீரமன்று. அதனை ஒப்புக்கொள்ளும் ஆட்சியாளரின் மனமேயாகும். ஆதலின், விருதுப் பட்டியலை மட்டுங் கொண்டு ஓரினத்தின் வீரத்தை அளவிடுதல் வரலாற்று நெறியாகாது.