கம்டன் கைவினைக் கழகமும் எமது பழைய கொப்பிகளும்

நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, கல்லூரியின் வரலாற்றைத்தான் எழுதவேண்டும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதிபர்களின் சேவைக்காலங்களும் கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளும் இம்மலரின் வேறு பக்கங்களில் இடம்பெறுகின்றன. ஆகவே நான் இன்னோர் ஊரின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றிலே ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் மட்டும் நிலைத்த ஒரு கனவுச் சமுதாயத்தின் கதை அது. அதற்கும் எமது நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஒரு சிறிய சமுதாயத்தின் வரலாற்றை எதைக்கொண்டு எழுதுவது என்ற கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது.

1888 இல், ஏழைத் தொழிலாளர் நிறைந்த கிழக்கு இலண்டனில், சி. ஆர். ஆஷ்பி என்னும் இளம் கட்டடக்கலைஞர் கைவினைக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். ஜோன் றஸ்கின், வில்லியம் மொறிஸ் ஆகியோரின் எழுத்துகளில் ஊறியவர் அவர். இயந்திரத் தொழிற்சாலையிலே மனிதன் தன் கைத்திறனையும் அது தரும் மகிழ்ச்சியையும் இழந்துவிட்டான் என்பது இவர்கள் எல்லோருடைய கவலையாகவும் இருந்தது. வெள்ளிவேலை, நகைவேலை, தளபாடம், இரும்புவேலை, அச்சு, நூல்கட்டு ஆகியவற்றைக் கழகத்தார் கையாலேயே செய்தனர். கழகத்தின் நிர்வாகத்தில் தொழிலாளருக்கும் பங்கு இருந்தது.

1902 இல் பட்டறைக் கட்டடத்தின் குத்தகை முடிவுக்கு வந்தது. உறுப்பினர்கள் வாக்களித்து, நகரத்தையே விட்டு நீங்குவதென முடிவுசெய்தனர். பெண்கள், பிள்ளைகள் உட்பட ஏறத்தாழ 150 பேர் குளொஸ்ரர்ஷயரிலுள்ள சிப்பிங் கம்டனுக்குப் பெயர்ந்தனர். இடைக்காலத்தில் கம்பளி வணிகத்தாற் செழித்து, பின்னர் ஒடுங்கிப்போன ஊர் அது. அங்கிருந்த பழைய பட்டாலை ஒன்று அவர்களின் பட்டறையாயிற்று. வாத்தியக்குழு அமைத்தார்கள், நாடகம் போட்டார்கள், நீந்துவதற்குக் குளம் அமைத்தார்கள். 1904 இல் ஊரவருக்கும் சேர்த்து ஒரு கலைத்தொழிற் பள்ளியைத் திறந்தார்கள். தச்சுவேலை, தோட்டக்கலை, சமையல் ஆகியனவும் அங்கு கற்பிக்கப்பட்டன.

ஆனால் ஊர் அவர்களை இலகுவில் ஏற்கவில்லை. நகரத்துச் சம்பளம் பெறுவோர் திடீரென வந்து குடியேற, வீடுகளுக்குப் போட்டி ஏற்பட்டது. வயற்கூலிக்கு வாழ்ந்தவர்கள் அதனால் மனக்கசப்புற்றது இயல்பே. வியாபாரமும் சரியத் தொடங்கியது. இலண்டனில் வேலை குறைந்தால் ஒருவர் வேறு பட்டறைக்குப் போய் நிலைமை சீராகும்வரை காலந்தள்ளலாம். கம்டனில் அதற்கு வழியில்லை. கழகத்தின் பாணியைப் பின்பற்றி இயந்திரத்தில் மலிவாகச் செய்த பொருள்களைப் பெரிய கடைகள் விற்றன. 1908 அளவில் கழகம் கலைக்கப்பட்டது. அமெரிக்கச் சவர்க்கார வணிகரான ஜோசப் ஃபெல்ஸ் அருகில் 70 ஏக்கர் நிலம் வாங்கி, எஞ்சிய சிலர் பயிர்செய்துகொண்டே கைவினையைத் தொடர வழிசெய்தார்.

தோல்விக்கான காரணங்களை ஆஷ்பியே அதே ஆண்டில் ஒரு நூலாக எழுதினார். அதிலே பெண்களாகிய எம்மை நிறுத்தி வாசிக்கவைக்கும் இடம் ஒன்றுண்டு. வீட்டாரின் பணத்தில் வாழ்ந்தபடி பொழுதுபோக்காக நகை செய்து மலிவாக விற்கும் சீமாட்டியை, கழகத்தின் பிழைப்பைக் கெடுத்தவர்களுள் ஒருத்தியாக அவர் சாடுகிறார். அவளுக்கு 'அன்புள்ள எமிலி' என்று கேலிப்பெயரும் சூட்டுகிறார். அவர் சொன்ன பொருளாதார நியாயம் முற்றிலும் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அவரது கழகத்துப் பட்டறைகள் பெரும்பாலும் ஆண்களுடையவை. கைத்தொழில் பழக விரும்பிய ஒரு பெண் வேறெங்கே போயிருப்பாள் என்ற கேள்வியும் எழத்தானே செய்யும்?

எமது நாட்டோடுள்ள தொடர்பு இனித்தான் வருகிறது. கம்டனை அடுத்த புறோட் கம்டனில் 'நோர்மன் சப்பல்' என்ற பழைய தேவாலயக் கட்டடம் இருந்தது. ஆஷ்பி அதனைத் திருத்தி வீடாக்கிக் கொடுத்தது கலாயோகி ஆனந்த குமாரசுவாமிக்கும் அவர் மனைவி எதெலுக்கும் ஆகும். ஆனந்தர் 1877 இல் கொழும்பில் சேர் முத்துக்குமாரசுவாமிக்குப் பிறந்தவர். மருதனார்மடத்தில் பெண்களுக்குக் கல்லூரி அமைத்த சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு அம்மான் மகன். இலங்கையின் கனிப்பொருள் அளவைப் பணிப்பாளராக ஊரூராகச் சென்ற காலத்தில், அழிந்துவரும் கைவினைகளைக் கண்ணாற் கண்டு குறிப்பெடுத்தார். அக்குறிப்புகளிலிருந்து உருவான 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற பெருநூல் 1908 இல் நோர்மன் சப்பலிலேயே அச்சாகியது. மொறிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்திலிருந்து ஆஷ்பி வாங்கியிருந்த கையச்சுப் பொறி அதற்குப் பயன்பட்டது. 425 பிரதிகளே அச்சிடப்பட்டன. கம்டனின் கனவு கலைந்துகொண்டிருந்த அதே மாதங்களில், எமது நாட்டுக் கைவினைஞரின் பெருமையைச் சொல்லும் நூல் அவ்வூரின் அயலிலே பக்கம் பக்கமாக உருவாகிக்கொண்டிருந்தது.

நூலின் முகப்பில் ஆனந்தரின் பெயர் இருக்கிறது. உள்ளேயுள்ள நிழற்படங்களிற் பல எதெல் எடுத்தவை. கணவரோடு இலங்கையின் கிராமங்களுக்குச் சென்று கைவினைஞரையும் அவர்களது வேலைப்பாட்டையும் படம்பிடித்தவர் அவர். பின்னர் இருவரும் பிரிந்தனர். எதெல் மறுமணம் செய்து எதெல் மாரெட் ஆனார். சசெக்ஸ் மாநிலத்து டிச்லிங் கிராமத்தில் கைத்தறிப் பட்டறை அமைத்து, கைநெசவிலும் இயற்கைச் சாயத்திலும் ஒரு தலைமுறைக்கே வழிகாட்டினார். 1937 இல் பிரித்தானியாவின் 'அரச தொழில்துறை வடிவமைப்பாளர்' என்ற கௌரவத்தைப் பெற்ற முதற்பெண் அவரே. ஆனந்தரைப் பற்றிப் பள்ளியிற் படித்த எம்மிற் பலர் எதெலின் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. நானும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

கம்டனின் வரலாற்றை விரிவாக எழுதியவரும் ஒரு பெண்ணே. பியோனா மக்கார்தியின் 'எளிய வாழ்வு' என்ற நூல் 1981 இல் வெளிவந்தது. எரிக் கில்லையும் வில்லியம் மொறிஸையும் பற்றி அவர் பின்னர் எழுதிய பெருநூல்கள் அதிகம் பேசப்பட்டன. எனினும் எனக்குப் பிடித்தது இந்தச் சிறிய ஊரின் வரலாறுதான். கனவு கண்டவர்களை அவர் தெய்வமாக்கவில்லை. தோற்றார்கள் என்பதற்காக எள்ளவுமில்லை. அவருக்குக் கைகொடுத்த மூலங்களுள் முதன்மையானவை கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் உள்ள ஆஷ்பி நாட்குறிப்புகள். அவற்றில் ஆஷ்பியின் மனைவி ஜனற் எழுதிய பக்கங்கள் நிறைய உண்டு. ஆஷ்பி இலட்சியத்தை எழுதினார். அந்த இலட்சியத்தோடு வாழ்ந்த மனிதரையும் ஊராரையும் ஜனற் கூர்ந்து பார்த்து எழுதினார். அவர்களது மகள் ஃபெலிசிற்றி, தன் முதிய வயதில், 2002 இல், தாயின் வரலாற்றைத் தனி நூலாக வெளியிட்டார்.

மக்கார்தியின் நூல் வெளிவந்த அதே 1981 இல்தான் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதன்பின் வந்த இடப்பெயர்வுகளில் எத்தனை வீட்டுப் பெட்டகங்கள் திறந்தபடி கைவிடப்பட்டன என்பதை இம்மலரை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆறு ஆண்டு வாழ்ந்த கம்டன் கழகத்துக்கு முழுமையான வரலாறு கிடைத்தது, யாரோ சிலர் எழுதிவைத்ததாலும் வேறு சிலர் பாதுகாத்ததாலுமே. நூறு ஆண்டு வாழ்ந்த எமது கல்லூரிக்கு எஞ்சியிருப்பவை எவை?

கல்லூரியில் இல்லாதவை உங்களிடம் இருக்கலாம். ரொறன்ரோவிலோ, சிட்னியிலோ, கொழும்பிலோ, ஊரிலேயோ உங்கள் அலுமாரியில் ஒரு பழைய தையற் கொப்பி இருக்கும். விடுதியிலிருந்து அம்மாவுக்கு எழுதிய கடிதம் இருக்கும். இல்ல விளையாட்டுப் போட்டியின் நிகழ்ச்சிநிரல் இருக்கும். அவற்றை எறிந்துவிடாதீர்கள். பிரதியெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். குழுப்படங்களின் பின்புறத்தில் ஆண்டையும், தெரிந்த பெயர்கள் எல்லாவற்றையும் இன்றே எழுதுங்கள். ஆசிரியைகளின் பெயர்களோடு, விடுதியிற் சமைத்தவர், மணியடித்தவர், வாசலிற் காவலிருந்தவர் ஆகியோரின் பெயர்களையும் எழுதுங்கள். நாம் பெருமைப்படாத நினைவுகளும் இருக்கும்: இடையில் படிப்பை விட்ட தோழி, தண்டனை, பாகுபாடு. அவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த நூற்றாண்டு மலரை எழுதப்போகும் பிள்ளைக்கு இவையெல்லாம் வேண்டியிருக்கும்.

– ஓய்வுநிலை வரலாற்றாசிரியை, பழைய மாணவி