லைப்சிக் முதல் வன்னி வரை: உளவியற் கல்வி வந்த வழி

வானொலிக்கும் உளவியலுக்கும் உறவுண்டு என்று கூறின், நேயர்களுட் பலர் வியப்படைதல் கூடும். 1935ஆம் ஆண்டிலே மைசூர் நகரில் பேராசிரியர் ஒருவர் தம் இல்லத்திலேயே சிறியதோர் ஒலிபரப்பு நிலையத்தை அமைத்தார். 'ஆகாசவாணி' என்னும் பெயர் அந்நிலையத்துக்கே முதலில் வழங்கிற்று. அகில இந்திய வானொலி அப்பெயரைப் பின்னரே ஏற்றுக்கொண்டது. நிலையத்தை அமைத்த எம். வி. கோபாலசுவாமி அவர்கள் மைசூர் மகாராஜாக் கல்லூரியிற் கற்பித்த பாடம் உளவியல். மனித உள்ளத்தை ஆராய்ந்த ஒருவர், உள்ளங்களை எட்டும் கருவி ஒன்றையும் நாடியமை பொருத்தமே.

இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும், உயர்தரப் பரீட்சை எழுதிய பின் உளவியற் பட்டம் பெற விரும்பும் மாணவர் உளர். அவர்கள் கற்கப் புகும் இக்கலை எங்கிருந்து வந்தது? எவ்வழியாக வந்தது? வன்னி மண்ணுக்கு இதனால் ஆகும் பயன் யாது? இவ்வினாக்களுக்கு வரலாறு விடை தருகின்றது.

உள்ளத்தைப் பற்றிய சிந்தனை தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். சைவசித்தாந்திகள் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என அந்தக்கரணங்களை நான்காகக் கண்டனர். ஆயின், அளந்து காணும் விஞ்ஞானமாக உளவியல் தோன்றியது ஜேர்மனி நாட்டிலே என்பர். வில்ஹெல்ம் வூண்ட் என்பவர் 1879ஆம் ஆண்டில் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கென ஓர் ஆய்வுகூடத்தை நிறுவினார். ஓர் ஒலி எழும். அதனைக் கேட்ட மாணவன் உடனே ஒரு விசையை அழுத்துவான். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் ஒரு வினாடியின் சிறு பின்னமாக அளக்கப்படும். தனித்திருந்த ஒரு மனிதன், ஒரு கருவி, ஓர் அளவை: புதிய உளவியலின் தோற்றம் இத்துணை எளிமையானது.

அந்த ஆய்வுகூடத்தின் மாணவர் பரம்பரையே இக்கலையைக் கீழ்த்திசைக்குக் கொண்டுவந்தது. வூண்டின் மாணவரான மூன்ஸ்டர்பேர்க் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் கற்பித்தார். அவரிடம் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தா கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916இல் உருவான உளவியற்றுறைக்குப் பொறுப்பாயிருந்தார். லைப்சிக்கிற் பட்டம் பெற்ற மற்றொருவரான ஸ்பியர்மன் இலண்டனிற் கற்பித்தார். அவரிடம் பயின்றவரே முன்னர்க் குறித்த கோபாலசுவாமி. மைசூரில் 1924இல் உளவியற்றுறை தோன்றிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் ஜி. டி. போவாஸ் அவர்களின் தலைமையில் அத்துறை அமைந்தது.

இலங்கையிலோ உளவியல் வேறொரு வாயில் வழியாகப் புகுந்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட பின்னரும், அது நெடுங்காலம் மெய்யியலின் நிழலிலேயே வளர்ந்தது. தமிழ் மக்களுட் பெரும்பாலார் அதனை முதலில் அறிந்தது ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைகளில், கல்வி உளவியல் என்னும் பாடத்தின் வாயிலாகவே. 1960ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கலைப்பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படலாயின. தமிழ்நாட்டில் 'மனோதத்துவம்' என மக்கள் வழங்கிய கலை, ஈழத்தில் 'உளவியல்' என்று பெயர் பெற்று நிலைத்தது. 1974இல் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகம் தோன்றிய பின், இக்கலையைத் தாய்மொழியிற் கற்கும் வாய்ப்பு வடபுலத்தை அண்மிற்று.

இவ்வாறு பாடநூலிற் கற்ற கலைக்கு வன்னியிற் கடுமையான பரீட்சை காத்திருந்தது. 1995ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து இடம்பெயர்ந்தோருட் பல்லாயிரவர் வன்னியை வந்தடைந்தனர். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009இல் போர் முடிந்தபோது இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முகாம்களில் வாழ்ந்தனர். அவருட் பெரும்பாலார் செட்டிகுளத்து மனிக்பாம் முகாமிலிருந்தனர். அம்முகாம் மூடப்பட்டது 2012இலேயே.

இத்துயரின் நடுவே உளவியல் அறிஞர்க்கு முதற்றுணையாக வந்தோர் பள்ளி ஆசிரியர்கள். ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர், பயிற்றப்பட்ட உள்ளூர்த் தமிழரைக் கொண்டு, வடகிழக்கில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடையே நிகழ்த்திய ஆய்வொன்று 2009இல் வெளியாயிற்று. அப்பிள்ளைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றிருவர் குண்டுவீச்சு, எறிகணை வீச்சு, அன்புக்குரியோர் மரணம் போன்ற கொடிய அனுபவங்களைக் கண்டவர். நூற்றுக்கு இருபத்தைவர் மனவடு நோயின் இலக்கணங்களைக் கொண்டிருந்தனர். ஆசிரியர் அனைவரும் மனத்திற் கொள்ளவேண்டிய மற்றொரு செய்தியும் அதில் உண்டு: வடுப்பட்ட பிள்ளைகளின் நினைவாற்றலும் பள்ளிப் புள்ளிகளும் குறைந்திருந்தன, அவர்கள் பிறருடன் பழகுவதினின்றும் ஒதுங்கியிருந்தனர். வகுப்பில் வாளாவிருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளும் ஆசிரியர், பிணியைக் குற்றமெனக் கொண்டவராதல் கூடும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியரான தயா சோமசுந்தரம் அவர்கள், போர் உள்ளத்தில் விளைத்த கேட்டினை 1998இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். பின்னர், 2010ஆம் ஆண்டில், வன்னி மக்களின் அனுபவத்தையே பொருளாகக் கொண்டு ஓர் ஆய்வுரை எழுதினார். அவர் வற்புறுத்திய உண்மை யாதெனின், இங்கே வடுப்பட்டது தனிமனித உள்ளம் மட்டுமன்று, குடும்பமும் ஊரும் சமூகமுமே வடுப்பட்டன என்பதாகும். அதனைக் 'கூட்டு மனவடு' எனலாம்.

வன்னியின் வாழ்வை அறிந்தோர்க்கு இது எளிதிற் புலனாகும். வன்னியான் ஒருவனுக்கு ஊர் என்பது வெறும் நிலமன்று. குளத்து நீரைப் பங்கிடும் முறை, வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல், அயலவர் கூடிச் செய்யும் அரிவி வெட்டு, இவையெல்லாம் சேர்ந்ததே ஊர். ஒருவர் இறந்தால் எட்டுச் செலவும் அந்தியேட்டியும் துயரத்துக்கு ஒரு கரை கட்டும். உறவினர் உயிரோடு உளரோ இலரோ என்று அறியாத தாய்க்கு அக்கரையும் இல்லை. அத்தகையாளைத் தனியறையில் இருத்தி வினாத்தாளை நீட்டும் உளவியல் மட்டும் போதுமா?

லைப்சிக் அறிஞரே இதற்கு விடை கூறிச் சென்றார் என்பது வியத்தற்குரியது. வூண்ட் தம் முதுமையில், 1900 முதல் 1920 வரை, மக்கட் குழுவின் உளவியலைப் பத்துத் தொகுதிகளாக எழுதினார். மொழி, புராணம், வழக்காறு ஆகியவற்றை ஆய்வுகூடத்தில் அளக்கவியலாது, அவற்றைச் சமூகத்திலேயே கண்டறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. உலகம் அவருடைய கடிகாரத்தைப் போற்றியது. பத்துத் தொகுதிகளையோ பெரும்பாலும் மறந்தது. மறக்கப்பட்ட அந்த மறுபாதியின் தேவையை வன்னி தன் துன்பத்தால் மீண்டும் உணர்த்திற்று.

ஆதலின், உளவியற் பட்டம் பெறச் செல்லும் மாணவர் மூன்றினை மனத்திற் கொள்வாராக. ஒன்று: இது எளிய பாடமன்று. உயர்தரத்தில் உளவியல் தனிப்பாடமாக இல்லாமையால், பல்கலைக்கழகத்திலேயே அரிச்சுவடி தொடங்கும். நினைவு, கற்றல், ஆளுமை, குழந்தை வளர்ச்சி ஆகியவற்றுடன் புள்ளிவிபரவியலும் கற்றல் வேண்டும். இரண்டு: முதற்பட்டம் பெற்ற மாத்திரத்தே ஒருவர் நோய் தீர்ப்பவர் ஆகார், அதற்கு மேற்படிப்பும் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியும் வேண்டும். மூன்று: ஆங்கில நூல்களைக் கற்பதோடு, தம் மக்களின் சொற்களையும் கற்றல் வேண்டும். 'நெஞ்சு பதைக்குது', 'மனம் விட்டுப்போச்சு' என்று ஒருத்தி கூறும்போது அவள் உணர்த்தும் பொருளை எந்த மொழிபெயர்ப்பும் முற்றாகத் தாராது.

வன்னியில் உயர்கல்வி வளர்ந்தே வருகின்றது. கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் உள்ளன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. எனினும், உளவியலை நாடும் மாணவர் பெரும்பாலும் வன்னிக்கு வெளியே செல்லுதல் வேண்டும். செல்வோர் பட்டத்தோடு மீண்டு வரின், பின்வரிசையில் வாளாவிருக்கும் பிள்ளையின் மௌனத்தைக் கேட்க ஒருவர் கிடைப்பார். நிலத்தைத் திருத்தக் கற்பிக்கும் மண்ணிலே, உள்ளத்தை ஆற்றவும் கற்பிக்கும் நாள் வருதல் வேண்டும்.