தலைமை கற்ற தோட்டங்கள்

பதின்பருவத்துப் பிள்ளைகளைச் சில வாரம் தங்கவைத்துத் தலைமை கற்பிப்பது இலங்கையின் தெமோதரை, பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றுக்குப் புதிது. 1920 கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்கு ஆறு முதல் பத்து வயது வரை மட்டுமே பள்ளியைக் கட்டாயமாக்கியது. அதற்குப்பின் கொழுந்துக்கூடையும் முள்ளுக்குத்தும்தான். தலைமை என்றால் கங்காணி. அது ஆட்களைச் சேர்த்து வந்தவரின் கடன் கணக்கிலிருந்து பிறந்த அதிகாரம். பேர்ப்பதிவில் நிற்கும் தொழிலாளிக்கு அதில் பங்கில்லை.

ஆனால் 1940இல் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் தங்களுக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். தோட்டத்துரை அந்தச் சபையைக் கலந்தே நடக்க ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. வகுப்பறை கொடுக்காததை லயத்துக் கூட்டம் கொடுத்தது என்பதே என் வாதம். இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சிக்காரர்கள் வெளியிலிருந்து வந்து தூண்டியதல்லவா என்று கேட்கலாம். உதவி வந்தது உண்மை. ஆனால் சபைக்கு ஆளைத் தேர்ந்தெடுத்தது தோட்டத்து மக்கள்தான். அந்தச் சபை நிலைக்கவில்லையே என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதே ஆண்டு ஜூனிலேயே அக்கட்சித் தலைவர்கள் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன முதலியோர் சிறைப்பட்டனர். 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் பெரும்பாலான தோட்டத் தமிழரின் வாக்கைப் பறித்தன. தொழிற்சங்கம் மட்டுமே எஞ்சிய மேடை. அங்கும் தலைமை சில குடும்பங்களின் சொத்தாயிற்று. ஆற்றல் இல்லாததால் அல்ல, பழகும் இடம் அடைக்கப்பட்டதால் வந்த தேக்கம் இது. ஆகவே இன்றைய பயிற்சி முகாமில் பேச்சுப்போட்டியை விட, சாப்பாட்டுச் செலவுக் கணக்கையாவது பிள்ளைகளே முடிவுசெய்கிறார்களா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.